அத்தானின் புகைபோக்கி

அம்மா எனக்கு இட்ட கட்டளை சுருக்கமானது. "போய் அக்காவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா." அத்தானைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆண்டவருடைய வேலைக்கென்று போனவரை ஆண்டவரே பார்த்துக்கொள்வார் என்பது அம்மாவின் எண்ணம்.

அத்தான் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக ஒழுங்காக இருந்த மனிதர். ஒருநாள் எழுப்புதல் கூட்டமொன்றுக்குப் போய்விட்டு வந்தவர், பழனி மலைக்கு மிஷனரியாகப் போகிறேன் என்றார். போனார். அக்காவும் கைக்குழந்தையோடு போனாள். முதல் ஊரில் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை. இரண்டாவது ஊரில் வீட்டுக்காரனின் காளை செத்துப்போனது. செத்த காளைக்கும் அத்தானின் ஜெபத்துக்கும் ஊரார் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். இப்போது அதே மலையில் போளூருக்கு அப்பால் மூன்றாவது ஊர். இங்கேயும் மூட்டை கட்டினால் மிஷன் அவர்களைத் திருப்பி அழைத்துவிடும் என்று எங்கள் ஊர்ப் போதகர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. எனக்கும்தான்.

தனுஷ்கோடியில் கப்பலை விட்டு இறங்கியபோது என்னிடம் மாமாவின் பழைய கோட்டு ஒன்றும், கருவாட்டுப் பொட்டலமும், பனங்களியைக் காயவைத்த பனாட்டும் இருந்தன. கருவாட்டுக்குச் சுங்கத்தில் ஒன்றும் சொல்லவில்லை. கோட்டைத்தான் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

மலை ஏறுகிற பஸ் ஒரு குணமுள்ள பிராணி. இரண்டு வளைவு ஏறும், நின்று மூச்சு விடும். கிளீனர் பையன் குதித்துச் சக்கரத்துக்குப் பின்னால் கல்லை வைத்துவிட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவான். பக்கத்தில் இருந்த பெண் எலுமிச்சம்பழம் ஒன்றை என் கையில் திணித்து, "மோந்துக்கிட்டே வாங்க, கீழ பாக்காதீக" என்றாள். நான் கீழே பார்த்தேன். அதன்பிறகு பெருமாள்மலை வரும்வரை எலுமிச்சம்பழத்தை மட்டுமே பார்த்தேன்.

பெருமாள்மலையில் தேநீர் குடித்தேன். எங்கள் ஊரில் தேநீர் தாகத்துக்குக் குடிப்பது. இங்கே கையைச் சூடாக்கக் குடிக்கிறார்கள். ஆறினபிறகுதான் வாய்க்குப் போகிறது. கடையில் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். "வெள்ளக்காரன் போயிட்டான், குளிரு போகலையே" என்றார் ஒருவர். "அது அவனோடயா வந்துச்சு?" என்றார் மற்றவர்.

கொடைக்கானலில் தங்கின இடத்துப் பணியாள், "ஸார், ஹாட் வாட்டர் ரெடி, பிளாங்கெட் எக்ஸ்ட்ரா வேணுங்களா?" என்று கேட்டான். அதுதான் அந்தப் பயணத்தில் நான் கண்ட கடைசிச் சொகுசு. மறுநாள் காய்கறி ஏற்றப் போகிற காலி லாரியில் ஏறினேன். அது சேற்றில் புதைந்தது. டிரைவர் இறங்கி, சக்கரத்தைப் பார்த்து, பீடி பற்றவைத்து உட்கார்ந்துவிட்டார். "இனி வெயில் வந்தாத்தான்" என்றார். வெயில் எப்போது வரும் என்று கேட்டதற்கு, "தையில" என்றார். அப்போது ஆவணி.

மீதித் தூரத்துக்கு மட்டக்குதிரை அகப்பட்டது. எனக்கல்ல, என் பெட்டிக்கு. குதிரைக்காரர் பழனியாண்டி அதிகம் பேசாதவர். நான் எந்த வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னதும் அந்தக் கொஞ்சப் பேச்சையும் நிறுத்திவிட்டார்.

ஊருக்கு மேலே உள்ள திருப்பத்தில் அத்தான் குடையோடு காத்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். என்னைக் கட்டிக்கொண்ட கையோடு, பள்ளத்தைக் காட்டினார். புல்வேய்ந்த கூரைகள் ஒன்றை ஒன்று ஒட்டி இருந்தன. நடுநடுவே புது ஓட்டு வீடுகள். எல்லாப் புல் கூரைகளும் புகை கசிந்து, ஈரக் கம்பளியை நெருப்பில் காட்டினதுபோல இருந்தன. ஒரே ஒரு கூரையில் மட்டும் தகரக்குழாய் ஒன்று நிமிர்ந்து நின்று நேர்கோடாகப் புகை விட்டது.

"அந்தக் குழாய் தெரியுதோ? அதுதான் எங்கடை வீடு" என்றார் அத்தான். "கொடைக்கானலிலை தகரக்காரனைக் கொண்டு செய்விச்சனான். இப்ப வீட்டுக்குள்ளை ஒரு துளி புகை இல்லை. எங்கை நிண்டு பார்த்தாலும் எங்கடை வீட்டைக் கண்டுபிடிக்கலாம்."

"ஆமாங்க, நல்லாத் தெரியுது" என்றார் பழனியாண்டி.

வீடு நீளமான ஒரே அறை. மண்சுவர். ஒரு கோடியில் அடுப்பு, அதற்கு மேல் மூங்கில் பரப்பிய பரண், அதற்கும் மேல் இருட்டு. அடுப்பின் தலையில் தகரத்தால் ஒரு குல்லாய் கவிழ்த்து, அதிலிருந்து குழாய் பரணைத் தாண்டிக் கூரைக்கு வெளியே போனது. மிஷன் கொடுத்த இரண்டு உயர்ந்த இரும்புக் கட்டில்கள், மேசை, இரண்டு நாற்காலிகள். அக்கா என்னைப் பார்த்து அழவில்லை. "சாப்பிடு முதல்" என்றாள். கேழ்வரகுக் களியும் பூண்டுக் குழம்பும். பசிக்குக் களி எப்படியோ இறங்கியது. அந்தக் குழம்பை இன்னும் நான் மறக்கவில்லை. ஒவ்வொரு பல்லும் சுண்டுவிரல் நுனி பருமன், வாயில் வைத்தால் வெண்ணெய்.

"மேலை என்ன?" என்று பரணைக் காட்டிக் கேட்டேன்.

"வீட்டுக்காரம்மா வீரம்மாவின்ரை சாமான். 'மேல கெடக்குறது கெடக்கட்டும், நீங்க கீழ இருந்துக்கங்க' எண்டு சொல்லித்தான் வீட்டைத் தந்தவ" என்றாள் அக்கா.

"வாடகை?"

"வேண்டாம் எண்டிட்டா" என்றார் அத்தான். "கர்த்தருடைய கிருபை."

வாடகை வாங்காத வீட்டுக்காரரை யாழ்ப்பாணத்தில் நான் கண்டதில்லை. கிருபையையும் அவ்வளவாகக் கண்டதில்லை. அதனால் குழம்பிலிருந்து இன்னொரு பல்லை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் முழுவதும் மூடுபனி. முற்றத்தில் நின்றால் எதிர்வீடு இல்லை. அக்காவின் மகள், நாலு வயது ராணி, என் மடியில் உட்கார்ந்து பனாட்டைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது, வந்த காரியத்தை அக்காவிடம் எடுத்தேன். அம்மா கூப்பிடுகிறாள், குளிர் பிள்ளைக்கு ஆகாது, எத்தனை ஊர்தான் மாறுவது என்று, வரும் வழியில் தயாரித்த எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் வரமாட்டன்" என்றாள். "ரெண்டு ஊரிலை மூட்டை கட்டினது போதும். இதிலையும் கட்டினால் இவரைத் திருப்பிக் கூப்பிட்டிடுவினம். பிறகு நாங்கள் எங்கை இருந்தாலும் துரத்தப்பட்ட ஆக்கள்தான். அந்தப் பேரோடை நான் அம்மான்ரை வீட்டுக்கு வரமாட்டன்."

அக்காவின் குரல் எனக்குத் தெரியும். சின்ன வயதில் வேப்பமரத்தில் ஏறிவிட்டு இறங்கமாட்டேன் என்று சொன்ன அதே குரல். நானும் விடுவதாக இல்லை. இரண்டு நாள் பொறுத்து இன்னொரு தரம் கேட்கலாம் என்று வைத்துக்கொண்டேன். ஆனால் அன்றே எனக்கு வேறொன்று பிடிக்கவில்லை. எனக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை. குழம்பில் மணந்த பூண்டு வேறு. அந்த வீட்டில் மணந்தது வேறு. புளித்த, நனைந்த நாற்றம் ஒன்று மேலிருந்து வந்தது. சொன்னேன். "இந்த ஊரே பூண்டு மணம்தான்" என்றாள் அக்கா.

மூன்றாம் நாள் வீரம்மா வந்தாள். ஐம்பது வயதிருக்கும், வெற்றிலைச் சிவப்பும் கம்பளிப் போர்வையுமாக. மருமகள் பிள்ளை பெற்றிருக்கிறாள், வதக்கிக் கொடுக்கப் பூண்டு வேண்டும் என்று சொல்லி, ஏணியைச் சாத்திப் பரணில் ஏறினாள். ஏறினவள் வெகுநேரம் இறங்கவில்லை. மேலே மூங்கில் நெறுநெறுத்தது. ஒரு கட்டு, இன்னொரு கட்டு என்று இழுத்துப் பார்ப்பது கேட்டது.

இறங்கினபோது கையில் காய்ந்த தண்டோடு முடிந்த பூண்டுக்கட்டு. அரைவாசிக்கு வெள்ளையாகப் பூஞ்சணம். மீதியில் பச்சை முளை.

"பொகை எங்க போகுது?" என்று கேட்டாள். சத்தமாகக் கேட்கவில்லை.

அத்தானுக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. ஊரில் ஒருவராவது விசாரித்தார்களே என்று, எழுந்து போய்க் குல்லாயைத் தட்டிக் காட்டினார். "வெளியே போகுது அம்மா. புகை எல்லாத்தையும் இது இழுத்துக்கொள்ளும். கண் எரியாது, பிள்ளைக்கு இருமல் வராது." குழாய் வளைகிற இடம், மழைத் தண்ணீர் இறங்காமல் வைத்த மூடி, எல்லாவற்றையும் விளக்கினார். நான் வீரம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நிறுத்தமாட்டாரா என்று இருந்தது.

"அம்புட்டுமா வெளிய போகுது? எம்புட்டு நாளா?"

"நாங்கள் வந்த கொஞ்ச நாளிலேயே வைத்துவிட்டோம்."

வீரம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இந்தத் தெருவுல ஓடு போட்டவுக வெதை பூராவும் மேலதான்யா கெடக்கு" என்றாள். "பொகை படலேன்னா வெதை அழுகிப்போகும், ஓட்டு வீட்டுல பொகை தங்காது. அதான் எல்லாரும் இங்க கொண்டாந்து அடுக்கி வச்சிருக்கோம். பின்ன எதுக்கு வாடகை வேணாமின்னேன்? அடுப்பெரியணும்னுதான வீட்டைக் குடுத்தேன். அடுப்பெரிச்சா பொகை தானா மேல ஏறும். குழா நிக்கிறதப் பாத்தப்பக்கூட மிச்சப் பொகைதான் அதுல போகுதுன்னு இருந்தோம். இதப் போயி ஒருத்தருக்குச் சொல்லவா வேணும்?"

அத்தான் குல்லாயின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. தாம் கிருபை என்று நினைத்தது வாடகையாக இருந்ததும், அந்த வாடகையை இத்தனை நாளாகக் குழாய் வழியே வெளியே விட்டுக்கொண்டிருந்ததும் அவருக்கு விளங்க நேரம் எடுத்தது.

கொஞ்ச நேரத்தில் வாசல் நிறைய ஆட்கள். ஒருவரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். மூடுபனிக்குள், தூறலில், கம்பளிகளாக நின்றார்கள். பரணிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு கட்டையும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஒரு பெண் தன் வீட்டுக் கட்டை முகர்ந்து பார்த்துவிட்டு முந்தானையால் மூடிக்கொண்டாள். "வெதை போனா வெள்ளாமை ஏது" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அத்தான் பூம்பாறைக்குப் போய் விதை வாங்கி வருகிறேன் என்றார். இந்த மாதத்தில் எவன் விதையை விற்பான் என்று அவர்கள் கட்டுகளின் பக்கமே திரும்பிவிட்டார்கள்.

வீரம்மாவின் தம்பி காத்தமுத்துதான் பேசினார். "வெளியூரு ஆளுக்கு வீட்டைக் குடுக்காத, குடுக்காதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். ஏலே பழனியாண்டி, குருதைய வெள்ளனே கொண்டா. இவுக மூட்டைய ஏத்தணும்."

ஊர்த்தலைவரை அங்கே மண்ணாடியார் என்கிறார்கள். அவர் வயதானவர், பேச்சு மெதுவானது. "மழையில நின்னு என்ன பேச? நாளைக்கு மந்தையில கூடுவோம்" என்று சொல்லி எல்லாரையும் அனுப்பினார். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

கதவைச் சாத்தினதும் நான் பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். இரக்கமில்லாதவன் என்று நினைக்கவேண்டாம்; அந்த நிமிஷத்தில் எனக்குள்ளே ஒரு ஓரம் ஆறுதலாகவும் இருந்தது. அம்மாவின் காரியத்தை இந்தப் பூண்டே முடித்துவிட்டது. "துணியளை அடுக்கு அக்கா. அவையள் வந்து எடுத்தெறியிறதுக்கு முந்தி நாங்களே போயிடுவம்."

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து, "பிள்ளைக்குக் கண் எரியுதெண்டுதானே..." என்று தொடங்கி முடிக்கவில்லை.

அக்கா அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்: "அந்த ரெண்டு ஊரிலையும் எங்களிலை ஒரு பிழை இல்லை தம்பி. பிழையில்லாதவளுக்கு அங்கை செய்ய ஒண்டும் இருக்கேல்லை, வந்திட்டம். இங்கை பிழை எங்கடை. பிழை விட்டவளுக்குத்தான் இருந்து செய்யிறதுக்கு வேலை இருக்கு."

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். குழாயை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். கரி அவள் தலையிலும் முகத்திலும் கொட்டியது. நிறுத்தவில்லை. குழாய் குல்லாயோடு பெயர்ந்து, அந்த வீடே விழுந்த சத்தத்தோடு தரைக்கு வந்தது. கூரையில் ஆன ஓட்டையை நான் வெளியே ஏறிப் புல்லால் அடைத்தேன். மாமாவின் கோட்டுக் கைக்குள் மழை ஓடியது. ஏன் ஏறினேன் என்று எனக்கே தெரியவில்லை. பெட்டி அடுக்க வந்தவன் நான். ஆனால் கரி பூசின அந்த முகத்தைப் பார்த்தபிறகு, "வா போவம்" என்று இன்னொரு தரம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புகை ஏறியது. பரணுக்கு மட்டுமல்ல, எங்கள் தலைக்கும். கட்டிலில் கிடந்து மாறிமாறி இருமினோம். ராணி இருமி இருமி அழுதாள். விறகை வைத்துக்கொண்டே இருந்த அக்காவும் அழுதுகொண்டுதான் இருந்தாள். அது புகையாலா வேறெதனாலா என்று நான் கேட்கவில்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அம்மாவிடம் எந்த முகத்தோடு போவேன் என்ற பயம் எனக்கு.

வெள்ளென வீரம்மா கதவைத் தட்டாமலே தள்ளிக்கொண்டு வந்தாள். போய்விட்டோமா என்று பார்க்க வந்தாளோ என்னவோ. தரையில் கிடந்த குழாயைப் பார்த்தாள். பரணைப் பார்த்தாள். கட்டிலில் இருமிக்கொண்டிருந்த ராணியைப் பார்த்தாள். பாய்ந்து பிள்ளையைத் தூக்கினாள்.

"என்ரை பிள்ளை" என்று அக்கா எழுந்து ஓடினாள். நானும் ஓடினேன்.

வீரம்மா வெளியே போகவில்லை. சுவரோரமாகப் போய்ப் பிள்ளையைத் தரையில் கிடத்தினாள். "எதுக்கு இவளப் பொகையில தூக்கி வச்சிருக்கீக? கட்டிலு, நாக்காலின்னு ஆளாளுக்குப் பரணுல ஏறி ஒக்காந்தா கண்ணு எரியாம என்ன செய்யும்? எங்க பிள்ளைகளுக்கு மட்டும் கண்ணு கல்லாவா கெடக்கு? ஒக்காருங்க கீழ."

உட்கார்ந்தோம். அக்கா இருமலை நிறுத்தினாள். ராணி ஒரு தரம் தும்மிவிட்டுப் பேசாமல் கிடந்தாள். தரையோடு காற்று தெளிவாக இருந்தது. கதவிடுக்கு வழியே வந்த குளிர்காற்று கீழே தங்க, புகை எங்கள் தலைக்கு மேலே விரித்த போர்வையாக நின்றது. கையை உயர்த்தினேன், மணிக்கட்டுக்கு மேல் காணவில்லை. அத்தான் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தார். இடுப்புக்கு மேலே ஆளைத் தெரியவில்லை, இருமல் மட்டும் கேட்டது.

"ஒங்களத்தான் உபதேசியாரே, ஒக்காருங்க" என்றாள் வீரம்மா.

கட்டிலில் படுத்ததால் புகை. புகைக்காகப் புகைபோக்கி. புகைபோக்கியால் ஒரு தெருவின் விதை. தரையில் பாயை விரித்துப் படுத்திருந்தால் இதில் ஒன்றுமே நடந்திருக்காது. அக்காவைப் பார்த்தேன். அவளும் கட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர் கூடுகிற திடலான மந்தையில் அன்று கூட்டம். எங்கள் இரண்டு கட்டில்களையும் வெளியே போட்டு அவற்றின்மேல் பெண்கள் பூண்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அழுகினது ஒரு பக்கம், முளைத்தது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம். நல்ல குவியல் நான் பயந்ததைவிடப் பெரிது. ஆனால் முளைத்ததும் சிறிதல்ல.

காத்தமுத்து விடவில்லை. "பொகைய நிறுத்துனவுகள இன்னும் உள்ள வச்சுக் காக்குறதா? கேக்குறவன் சிரிப்பான்."

"போனது போச்சு, அதுக்கு எனக்கும் வயிறு எரியுது" என்றாள் வீரம்மா. "இவுகளும் போயிட்டா மிச்சத்துக்கு யாரு பொகை போடுவா? நீயா? ஒன் ஓட்டு வீட்டுல அண்ணாந்து பாத்தா வானம் தெரியுது."

சிலர் சிரித்தார்கள். காத்தமுத்து சிரிக்கவில்லை. மண்ணாடியார் அத்தானைக் கேட்கவில்லை, அக்காவைக் கேட்டார். "நீங்க என்ன சொல்றீகம்மா?"

அக்காவின் தமிழ் அவர்களுக்கு முழுக்கப் புரிந்திருக்காது. அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "பிழை எங்களுடையது. நடவு முடியும் வரைக்கும் நெருப்பு அணையாமல் நான் பார்ப்பன். அதுவரைக்கும் அந்த வீட்டுப் படியை விட்டு இறங்கமாட்டன்."

மண்ணாடியார் தீர்ப்பைச் சொன்னார். நெருப்பு ஒருநாள் அணைந்தாலும் அன்றைக்கே கிளம்ப வேண்டும், அதற்குத் தனியாகக் கூட்டம் இல்லை. முளைத்ததை இனி வைத்திருக்க முடியாது, உடனே மண்ணில் வைக்க வேண்டும். பனி விழுந்தால் போகும், தப்பினால் வரும். அதற்கு இடம், உபதேசியார் ஜெபக்கூடம் கட்டுவதற்காக வெட்டித் திருத்தி வைத்திருக்கும் மனை. விளைவது விதை இழந்தவர்களுக்கு.

அந்த மனையில் அத்தான் கல் இறக்கி வைத்திருந்தார். அஸ்திவாரத்துக்குக் கயிறுகூடக் கட்டியிருந்தார். எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"சரி" என்றார். பிறகு, சின்னக் குரலில், "ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை எங்கே நடத்துவது?" என்று கேட்டார்.

"ஏன், ஒங்க சாமி அடுப்படிக்கு வராதா?" என்றார் மண்ணாடியார்.

அத்தான் அவரை நிமிர்ந்து பார்த்தார். "வருவார்" என்றார். நான் வந்த பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் நாட்கள் எல்லாம் அடுப்பைச் சுற்றியே போயின. ஆள் மாற்றி ஆள் நெருப்பைக் காத்தோம். அடுப்படியில் களி தின்றோம், அடுப்படியில் தூங்கினோம். ஞாயிற்றுக்கிழமை அத்தான் அடுப்படியில் சம்மணம் போட்டு வேதம் வாசித்தார். எழுந்து நின்று பாடுவது வழக்கம் என்று எழுந்தார், இரண்டாம் அடியில் இருமிக்கொண்டு உட்கார்ந்தார். நான் கொண்டுவந்த கருவாடும் பரணடியில் தொங்கிப் புகை குடித்தது. அதன் ருசி கூடிவிட்டது என்பதை யாழ்ப்பாணத்தில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

பிறகு அடைமழை பிடித்தது. விடாமல் பெய்தது. வாசலில் அடுக்கின விறகெல்லாம் ஊறிப்போயின. வைத்தால் சீறும், பற்றாது. எங்கள் வீட்டுக்கு விறகு கொடு என்று யாரைக் கேட்பது? எதிர்வீட்டு வாசலில் காத்தமுத்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு எங்கள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் நெருப்பு கைப்பிடியளவுக்குச் சுருங்கிவிட்டது. கூரைக்கு வெளியே புகை வருவது நின்றுபோயிருக்க வேண்டும். அக்கா நாற்காலியைத் தூக்கி அறைந்து உடைத்தாள். ஒரு கால் பற்றியது. இரண்டாவது கால். அத்தான் மற்ற நாற்காலியை இழுத்தார். அது முடிந்தால் மேசை, மேசையும் முடிந்தால் என்ன? மூன்று பேருக்கும் அதுதான் நெஞ்சில்.

கதவு திறந்தது. காத்தமுத்து. நெருப்பு அணைந்ததைப் பார்க்க வந்துவிட்டார் என்றே நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பாள், அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றாள். அவர் கம்பளியை விலக்கினார். உள்ளே ஒரு சுமை காய்ந்த விறகு.

"நாக்காலிய ஒடச்சா எத்தன நாளைக்கு எரியும்?" என்று சொல்லி அதை இறக்கினார். முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. "ஒங்களுக்குன்னு நெனச்சுக்கிறாதீக. என் வெதையும் மேலதான் கெடக்கு."

ஆனால் போகவில்லை. குந்தி உட்கார்ந்து, எங்கள் ஈர விறகை அடுப்பைச் சுற்றி எப்படி நிறுத்திக் காயவைக்க வேண்டும் என்று செய்து காட்டினார். அக்கா கொடுத்த கடுங்காப்பியைக் குடித்தார். வெல்லம் குறைச்சல் என்றார்.

என் விடுமுறை முடிந்தது. அக்காவை நான் இன்னொரு தரம் கேட்கவில்லை. அவள் வழியனுப்ப வாசலுக்கு வந்தாள். படியை விட்டு இறங்கவில்லை. வாசற்படிக்குள்ளே நின்றபடியே என் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"அம்மாட்டை என்ன சொல்ல?" என்று கேட்டேன்.

"மேலை திருப்பத்திலை நிண்டு ஒருக்காத் திரும்பிப் பார். பார்த்ததைச் சொல்லு."

ராணி வீரம்மாவின் இடுப்பில் தெருமுனை வரை வந்தாள். கம்பளிக்குள்ளிருந்து முகம் மட்டும் தெரிந்தது. வீரம்மா ஒரு பூண்டுக்கட்டை என் கையில் கொடுத்தாள். புகை ஏறிச் செம்பழுப்பான நல்ல கட்டு. "ஒங்க ஆத்தாட்ட குடுங்க. பரணுல கட்டித் தொங்கவிடச் சொல்லுங்க. வெரசா நடங்க, மழை வரும்." எங்கள் வீட்டில் பரண் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திருப்பத்தில் பழனியாண்டி குதிரையை நிறுத்தினார். இந்தத் தடவை அவரே பேச்சுக் கொடுத்தார். "அக்கா வீடு தெரியுதாங்க?"

பார்த்தேன். பள்ளத்தில் புல் கூரைகள் ஒன்றை ஒன்று ஒட்டி இருந்தன. எல்லாவற்றிலும் புகை ஒன்றுபோலக் கசிந்துகொண்டிருந்தது. இந்தக் கோடியிலிருந்து எண்ணிப் பார்த்தேன், அந்தக் கோடியிலிருந்தும் எண்ணிப் பார்த்தேன்.

"தெரியேல்லை" என்றேன்.

அவர் குதிரையைத் தட்டினார். அம்மாவிடம் சொல்ல எனக்கு அது போதும்.